குரைக்கிற நாய் கடிக்காதா?

தஞ்சையிலிருந்து புதிதாகப் படிக்க வந்த நண்பர் ஒருவரைத் தம்பானூர் இரயில் நிலையத்தில் எதிர்கொண்டு, அருகிலிருந்த உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். பரிமாற வந்தவர் அன்பொழுக, "வெள்ளம் வேணோ?" என்றார். நண்பர் திடுக்கிட்டார். காவிரிக்கரையில் பிறந்தவர், வெள்ளம் என்றால் கரை உடைவதையும் பயிர் அழிவதையும் கண்டவர். "வேண்டவே வேண்டாம்" என்று இரு கைகளையும் வேகமாக ஆட்டினார். வந்தவர் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீன் குழம்பு வந்த பிறகு நண்பர் பட்ட பாட்டை இங்கே விரிக்கவில்லை. மற்றொரு நாள், வகுப்பறையில் "சம்சாரிக்கருது" என்று யாரோ அதட்டியபோது, தமக்கு இன்னும் திருமணமே ஆகவில்லையே என்று அவர் விழித்ததும் உண்டு.

நாம் சிரிக்கிறோம். ஆனால் நம்மில் இவ்வாறு இடறாதவர் யார்? தமிழும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகள். அவற்றுக்கிடையே ஒரே சொல் இரு வீட்டில் இரு பொருள் தருகிறது. அப்படியிருக்க, திண்ணையில் கிடக்கும் நாயும் அடுப்படியில் சுருண்டிருக்கும் பூனையும் தம் உடலால் பேசுவதை மட்டும் நாம் பிழையின்றி அறிந்துகொள்கிறோம் என்று எண்ணுவது எத்துணைப் பெரிய துணிவு!

கரமனையில் நான் மாடியில் குடியிருக்கும் வீட்டில், கீழே ஒரு நாயும் ஒரு பூனையும் உண்டு. வீட்டுக்காரச் சேச்சி மாலையில் வேலை முடிந்து வரும்போது, நாய் இடுப்பே கழன்றுவிடும்போல் உடல் முழுவதையும் நெளித்து வாலை வீசி ஆட்டும். காதுகள் தழைந்திருக்கும், வாய் தளர்ந்து திறந்திருக்கும். பூனையோ வாலைக் கொடிமரம்போல் நேரே நிறுத்தி, நுனியைச் சற்றே வளைத்துக்கொண்டு வந்து காலில் உராயும். இரண்டும் வரவேற்புத்தான். அந்தப் பூனை படுத்தவாறே வாலைத் தரையில் பட்டுப் பட்டென்று அடித்தால்? "போதும், கையை எடு" என்று பொருள். நாயின் அகராதியை வைத்துக்கொண்டு பூனையைப் படித்த விருந்தினர் வீட்டுச் சிறுவன் ஒருவன், முழங்கை வரையில் கீறல் வாங்கிக்கொண்டு போனான். "நன்றி கெட்ட பூனை" என்றார் அவன் தாயார். பூனை முன்னதாகவே மூன்று முறை சொல்லிவிட்டது. வாலால் ஒரு முறை, பக்கவாட்டில் மடங்கிய காதுகளால் ஒரு முறை, முதுகுத்தோலைச் சுளித்து ஒரு முறை. நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

தமிழ் பயிலும் நமக்கு இது புதிய பாடமன்று. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதற்கு மெய்ப்பாடு என்று பெயரிட்டு, பொருளதிகாரத்தில் அதற்கென ஓர் இயலையே வகுத்தவர் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் தேர்வுக்கு முன்னாள் இரவு நெட்டுருப் போடுகிறோம். அந்நூலைக் கேட்டு ஏற்ற ஆசான் அதங்கோட்டார் என்கிறது பாயிரம். குமரி மாவட்டத்து அதங்கோடே அவ்வூர் என்று கொள்வோர் பலர். அதே தொல்காப்பியர் மரபியலில் நாயின் குட்டிக்குக் குருளை என்று பெயர் குறித்து வைக்கிறார். மக்களை ஆறறிவுயிர் என்று சொன்ன கையோடு, அக்கிளையில் வேறு பிறப்புகளும் உண்டு என்று ஒரு கதவைத் திறந்தும் வைக்கிறார். மெய்ப்பாட்டியல் மக்களுக்காகச் செய்யப்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆயினும் அச்சத்தில் உடல் ஒடுங்குவதும் வெகுளியில் உடல் விறைப்பதும் மக்களோடு நின்றுவிடுகின்றனவா?

இல்லை என்று 1872-இல் ஒரு தனி நூலே எழுதிக் காட்டினார் டார்வின். மனிதரிடத்தும் விலங்குகளிடத்தும் உணர்ச்சிகள் வெளிப்படும் முறையைப் பற்றியது அந்நூல். பகை எண்ணத்தோடு நெருங்கும் நாய் நிமிர்ந்து விறைத்து நிற்கிறது, வாலை உயர்த்துகிறது, பிடரிமயிர் எழுகிறது. எதிரே வருபவன் தன் தலைவன் என்று கண்டதும், அந்த ஒவ்வோர் உறுப்பும் நேர்மாறாகத் திரும்பிவிடுகிறது. உடல் தாழ்ந்து குழைகிறது. உள்ளம் எதிர்த்திசையில் திரும்பும்போது உடலும் எதிர்த்திசையில் திரும்புகிறது என்பதை நாயையும் பூனையையும் படம் வரைந்தே விளக்கினார். இதைப் படித்தபோது, மெய்ப்பாட்டியலுக்கு ஓர் உரையாசிரியர் இங்கிலாந்திலும் பிறந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றிற்று.

இனி நம் பழமொழிகளுக்கு வருகிறேன். தமிழ் மாணவர் இதழில் பழமொழியைக் குறை கூறுவது ஆபத்தான செயல் என்பதை அறிவேன். என்றாலும் சொல்லத்தான் வேண்டும்.

குரைக்கிற நாய் கடிக்காது என்கிறோம். யார் சொன்னது? குரைப்பு ஒரே ஒரு சொல்லன்று. அழைப்பு உண்டு, விளையாட்டு உண்டு, தனிமைத் துயர் உண்டு, "அங்கேயே நில்" என்ற எச்சரிக்கையும் உண்டு. எச்சரித்த நாயை விட்டு விலகிப் போனவனை அது கடிக்காமல் இருக்கலாம். பழமொழியை நம்பி மேலும் இரண்டடி வைத்தவனை என்ன செய்யும்? மனிதர்களைப் பற்றிச் சொல்ல வந்த பழமொழி அது. வெறும் வாய்வீரரைக் குறித்தது. அதைத் திருப்பி நாயின் மேலேயே ஏற்றி, குழந்தைகளுக்கு அறிவுரையாகவும் சொல்லி வைத்திருக்கிறோம்.

வாலாட்டும் நாய் நல்ல நாய் என்பது அடுத்த நம்பிக்கை. இங்கே பழமொழியைவிட நம் மொழி நுட்பமானது. "அவரிடம் போய் வாலாட்டுகிறான்" என்றால் குழைகிறான் என்று பொருள். "என்னிடம் வாலாட்டாதே" என்றால் வம்பு செய்யாதே என்று பொருள். ஒரே வால், இரண்டு பொருள்! நாயின் வாலும் அப்படித்தான். தாழ்ந்தோ நடுநிலையிலோ அகலமாக வீசும் வால் வேறு. உயர விறைத்து நின்று, நுனி மட்டும் படபடக்கும் வால் வேறு. பின்னதை நட்பென்று எண்ணிக் கை நீட்டுபவன் கடி வாங்குவான். 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இன்னும் நுணுகிப் பார்த்தார்கள். தன்னை வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால் அதன் வலப்பக்கமாகச் சற்று மிகுதியாகவும், அடக்கி ஆள முனையும் அயல் நாயைக் கண்டபோது இடப்பக்கமாக மிகுதியாகவும் ஆடிற்றாம். தெருவில் நின்று இடமா வலமா என்று அளந்துகொண்டிருக்கச் சொல்லவில்லை. வாலை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். காது, கண், வாய், முதுகு, நிற்கும் நிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று எண்ணுமாம்! பாவம் பூனை. உலகத்தைப் பற்றி அது ஒன்றும் எண்ணவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தவாறே இமைகளை மெல்லச் சுருக்கி மூடித் திறக்குமானால், அது உங்கள்பால் அச்சமின்றி இருக்கிறது என்பதே பொருள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் அவ்வாறே மெல்ல இமைத்துக் காட்டியபோது பூனைகளும் திரும்ப இமைத்தன. அறிமுகமில்லாதவர் இமைத்துக் காட்டிக் கை நீட்டியபோதும் நெருங்கி வரத் தலைப்பட்டன. நான் இதைக் கரமனை வீட்டில் செய்து பார்த்தேன். முதல் வாரம் பூனை என்னைப் பைத்தியக்காரனைப்போல் பார்த்தது. இரண்டாம் வாரம் இமைத்தது. மற்றொன்றும் சொல்லி வைக்கிறேன். பூனையின் தொண்டைக்குள் எழும் 'குர்ர்' ஒலி எப்போதும் மகிழ்ச்சியைக் காட்டுவதன்று. நோயுற்றபோதும் வலியிலும் அவ்வொலி எழுவதுண்டு.

வீட்டு விலங்கைப் பற்றிப் பேசுமிடத்தில் யானை வருவது பொருத்தமில்லைதான். எனினும் கேரளத்தில் வாழ்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. திருவிழாவில் சங்கிலியிட்டு நிறுத்திய யானை உடலை முன்னும் பின்னும் அசைப்பதைக் கண்டு, செண்டைக்குத் தாளம் போடுகிறது என்று மகிழ்கிறோம். நெடுநாள் கட்டுண்டு கிடக்கும் யானைகளிடம் காணப்படும் மன நெருக்கடியின் குறி அவ்வசைவு. காதை விசிறுவதோ உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள. நாம் தாளத்தைக் கண்டோம். யானை வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

தோவாளைக்கு அருகே எங்கள் வீடு. எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு நான்கு. மணி என்று ஒரு நாட்டு நாய் வளர்த்தோம். அது சோறு தின்னும்போது தங்கை தவழ்ந்தும் ஓடியும் அதன் தட்டருகே போவாள். மணி தின்பதை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கும். தலையைத் திருப்பாமலே கடைக்கண்ணால் அவளைப் பார்க்கும். கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரியும். பிறகு மெல்ல உறுமும். உறுமிய ஒவ்வொரு முறையும் நான் பனைமட்டையால் அடித்தேன். பிள்ளையைப் பார்த்து உறுமுகிற நாய்க்கு வேறென்ன செய்வது? பாட்டா ஒருவர்தான் திண்ணையிலிருந்து, "லேய் மக்கா, அது வேண்டாம்னுதானே சொல்லுது, கேக்கலியா உனக்கு? பிள்ளைய எடு" என்றார். பாட்டாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் மணி உறுமுவதை விட்டுவிட்டது. நாயைத் திருத்திவிட்டேன் என்று பள்ளியில் பெருமை பேசினேன். மூன்றாம் மாதம் ஒரு நாள் பிற்பகல், தங்கை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தட்டின் மேல் சாய்ந்தாள். ஒலி எதுவுமில்லை. ஒரே கடி, கன்னத்தில். எச்சரிக்கை சிறிதும் தராமல் கடித்த கொடிய நாய் என்று ஊர் முழுவதும் சொல்லிற்று. அந்த எச்சரிக்கையை அடித்து அடித்து அழித்தவன் நான் என்பது எனக்குத் தெரியவில்லை. பாட்டாவுக்குத் தெரிந்திருக்கும், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தங்கைக்கு ஊசிகள் போட்டார்கள், தையலும் போட்டார்கள். மணியைப் பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். அந்தப் பத்து நாளும் நான் அருகே போகும்போதெல்லாம் அது காதைப் படிய வைத்து, வாலைக் கால்களுக்கிடையே செருகி, உதட்டை நக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டு, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டது. "செய்த குற்றம் உறுத்துகிறது, திருட்டுமுழி முழிக்கிறது பார்" என்றோம். பதினோராம் நாள், பூ ஏற்றிக்கொண்டு போன வண்டியில் மாமா அதைக் கொண்டுபோய் ஆரல்வாய்மொழிக்கு அப்பால், காற்றாலைகள் நிற்கும் வெளியில் விட்டுவிட்டு வந்தார். வண்டியில் ஏற்றும்போதும் அது வாலாட்டியது. எந்த வகை வாலாட்டல் என்று இன்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தத் திருட்டுமுழியைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சென்ற ஆண்டு நூலகத்தில் படித்தேன். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரவிட்ஸ் செய்தது. தின்னாதே என்று தடுத்த பண்டத்தோடு நாயை விட்டுவிட்டு வளர்ப்பவரை வெளியே அனுப்பினார். திரும்பி வந்தவரிடம் சில வேளை உண்மையையும் சில வேளை பொய்யையும் சொன்னார். தின்ற நாய்தான் குற்ற முகம் காட்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்தது அதுவன்று. திட்டு வாங்கிய நாய் காட்டியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாயும் காட்டியது. ஆகவே அது குற்ற உணர்வின் முகமன்று. எதிரே நிற்பவரின் சினத்தைக் கண்டு ஒடுங்கும் முகம். அன்று நாங்கள் மணியின் முகத்தில் படித்தது கன்னத்துக் காயத்தை அன்று. அதில் இருந்தது என் கைப் பனைமட்டை. நூலகத்தை விட்டு எழுந்து பாளையம் சந்தை வரை நடந்துபோய்த் திரும்பிய பிறகுதான் மிச்சத்தைப் படிக்க முடிந்தது.

நாய்கள் தம் பங்குக்கு நம் மொழியைக் கற்க முயன்றே வந்திருக்கின்றன. புருவத்தின் உட்புறத்தைத் தூக்கி இரக்கம் தோன்றப் பார்க்க உதவும் தசை நாய்களிடம் நன்கு அமைந்திருக்கிறது. அவற்றின் உறவான ஓநாயிடம் அது அவ்வாறு இல்லை என்று 2019-இல் கண்டறிந்தார்கள். நம்மோடு வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டில் நம் கண்ணுக்காகவே வளர்ந்த தசை! வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அரிது; அவ்வொலி பெரிதும் நமக்காகவே. எவரும் பயிற்றாத நம் நாட்டுத் தெருநாய்கள்கூட மனிதர் விரல் நீட்டிக் காட்டும் திசையைப் புரிந்துகொள்கின்றன என்று கொல்கத்தா ஐசர் நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவின் குழுவினர் 2020-இல் வெளியிட்டனர். அவை இவ்வளவு தூரம் வந்துவிட்டன. நாம் எவ்வளவு தூரம் போயிருக்கிறோம்?

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்கவும், அவ்விடங்களிலேயே மீண்டும் விடாதிருக்கவும் ஆணையிட்டது. அது முதல் நம் விடுதி மேசைகளில் இரு கட்சிகள். ஒரு கட்சிக்கு நாய் என்றாலே கொலைகாரன். மறு கட்சிக்கு நாய் என்றாலே குழந்தை. முதற்கட்சித் தோழர் உறங்கும் நாயைக் கண்டாலும் கல்லெடுக்கிறார். இரண்டாம் கட்சித் தோழர், முன்பின் அறியாத நாயின் முகத்தோடு முகம் வைத்துப் படம் எடுக்கிறார். அந்தப் படத்தில் நாய் முகத்தைத் திருப்பி உதட்டை நக்கிக்கொண்டிருப்பது அவர் கண்ணில் படுவதில்லை. நாயைச் சற்றும் பார்க்காமலே நாயைப் பற்றி வாதிடுகிறார்கள் இருவரும். என்னைக் கேட்டால், இரண்டாமவரால் நாய்க்கு விளையும் தீங்கு முதலாமவரால் விளைவதற்குக் குறைந்ததன்று. கடிபட்டவர் மருத்துவமனைக்குப் போய்வருவார். கடித்த நாய்க்கு ஆரல்வாய்மொழி.

மெய்ப்பாடு அறிந்தால் வெறிநோய் தடுக்கப்படுமா என்று ஒரு நண்பர் மடக்கினார். தடுக்கப்படாது. அது வேறு செய்தி. அதில் விளையாட்டும் இல்லை. நாயோ பூனையோ, வீட்டதோ தெருவதோ, கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். செல்ல நாய்தானே என்று இரண்டு நாள் பொறுப்பது பெரும்பிழை. நோய்க்குறி தோன்றிவிட்டால் பின்னர்ப் பிழைத்தல் மிக மிக அரிது. நான் பேசுவது அதற்கு முந்திய நிலையைப் பற்றி. வீட்டுக்குள் நிகழும் கடிகளுக்குப் பெரும்பாலும் ஒரு முன்னுரை உண்டு. அதை நாம் படிப்பதில்லை. விலங்கு விறைத்து அசையாமல் நின்றால் கையை எடுங்கள். தின்னும்போதும், உறங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் நெருங்காதீர்கள். உறுமினால் நன்றி சொல்லி விலகுங்கள். விளையாட விரும்பும் நாய் முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும். அப்போது விளையாடுங்கள், யார் வேண்டாமென்றது?

நம் மன்றம் ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு வரவேற்பு விழா எடுக்கிறது. 'வெள்ளம்' என்றால் தண்ணீர், 'சம்சாரம்' என்றால் பேச்சு, 'மதி' என்றால் போதும் என்று மூத்த மாணவர் ஒருவர் எழுந்து கூற, அவை சிரிக்கும். அந்த நிகழ்ச்சியில் அரைமணி நேரம் ஒதுக்கிக் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைக்க வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மலையாளத்தில் பேசினாலும் குற்றமில்லை. மொழிபெயர்க்க நான் அணியம். படம் காட்டத் திரையும் வேண்டும். நாய், பூனை எதையும் மேடைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கீழே கோடிட்டு எழுதியிருக்கிறேன். அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவே அவை என்ன மெய்ப்பாடு காட்டும் என்பது எனக்குத் தெரியும். மருத்துவருக்குத் தேநீர்ச் செலவு என்னுடையது.